குடியாத்தத்தில் ஐந்து ராஜபாளையம் குட்டி: எதைப் பார்த்து எடுப்பது?

காட்பாடி_வாசி:

வணக்கம். குடியாத்தம் பக்கத்தில் ஒருவரிடம் ராஜபாளையம் நாய் போட்ட ஈத்து ஒன்று இருக்கிறது. ஐந்து குட்டி, மூன்று கடுவன், இரண்டு பொட்டை. இன்றைக்கு 38 நாள். தாய் அங்கேயே இருக்கிறது. அப்பன் வேறு ஊராம், போட்டோ மட்டும் காட்டினார். வைகாசி ஒன்றாம் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வருகிறது, வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள் வந்துவிடுவார்கள், அதற்குள் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்கிறார். சிரசு அன்றைக்குக் குட்டிக்கு 50 நாள்தான் ஆகியிருக்கும். ஒரு ஊசி போட்டாச்சு, பூச்சி மருந்தும் கொடுத்தாச்சு என்கிறார்.

எங்களுடையது காட்பாடியில் தனி வீடு. ஐந்தடி காம்பவுண்ட் சுவர். ஆறு வயதில் பெண் குழந்தை. மாடியில் வாடகைக்குக் குடித்தனம் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் கோழி வளர்க்கிறார்கள். இதற்கு முன் நாய் வளர்த்ததில்லை.

ஐந்தில் ஒரு கடுவன் ஓடிவந்து பேண்ட்டைக் கடித்து இழுக்கிறது. ஒரு பொட்டை மூலையிலேயே சுருண்டு கிடக்கிறது. பாப்பாவுக்கு அதுதான் வேண்டுமாம். விற்பவர் பிடரியைப் பிடித்துத் தூக்கிக் காட்டி, கத்தாத குட்டிதான் வீரம் என்றார். இருபது நகம் எண்ணிப் பாருங்கள் என்று இன்னொருவர் சொல்கிறார். எதைப் பார்த்து எடுப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாலாற்றங்கரை:

குட்டியிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், தாயிலிருந்து ஆரம்பியுங்கள்.

ராஜபாளையம் வெளியாளிடம் சட்டென்று ஒட்டாத இனம். நீங்கள் உள்ளே நுழைந்ததும் தாய் குரைப்பதும் குட்டிகளுக்குக் குறுக்கே வந்து நிற்பதும் இயல்புதான். விற்பவர் ஓர் அதட்டல் போட்டு, நீங்களும் ஓரமாக உட்கார்ந்துவிட்டால் பத்து நிமிடத்தில் அது அடங்க வேண்டும். அடங்காமல், வாலை இடுக்கிக்கொண்டு பின்வாங்குவதும் திடீரென்று பாய்ந்து கவ்வ வருவதுமாக இருந்தால் அது காவல் குணம் இல்லை, பயம். அந்தப் பயம் குட்டிக்கு ரத்தத்திலும் வரும், தாயைப் பார்த்துப் பார்த்தும் படியும். மாடியில் ஆட்கள் ஏறி இறங்கும் வீட்டுக்கு அப்படிப்பட்ட ஈத்திலிருந்து எந்தக் குட்டியும் வேண்டாம். "கிட்டப் போகாதீங்க, கடிச்சிடும்" என்று தாயைக் காட்டாமலே பேசி முடிக்கிறவரிடமும் வாங்காதீர்கள்.

அப்பனுக்குப் போட்டோ போதாது. வெளியாள் ஒருவர் பக்கத்தில் நிற்க, அது நடந்து திரும்புகிற வீடியோ கேளுங்கள். தாய்க்கும் அதற்கும் என்ன உறவு என்பதையும் கேளுங்கள். நாட்டு இனங்களில் நல்ல ரத்தம் குறைவு என்பதால் அண்ணன் தங்கையையே சேர்த்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் வரும் குட்டிகளுக்குப் பிறவிக் குறைகள் சேரும்; நோயைத் தாங்கும் சக்தியும் குறையும்.

அடுத்தது வயது. 2017இல் வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம், அதாவது 56 நாள் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது. வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். தாய்க்கு 18 மாதம் ஆகியிருக்க வேண்டும், எட்டு வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. நம் ஊரில் 30 நாளிலேயே கையில் கொடுத்துவிடுவது பழக்கம். அது குட்டிக்கும் கெடுதல், எடுக்கும் வீட்டுக்கும் கெடுதல். ஐந்தாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரை கூடப்பிறந்ததுகளோடு புரண்டு விளையாடும்போதுதான் பல்லை எவ்வளவு அழுத்தலாம் என்று குட்டிக்குத் தெரியவரும். கடி பலமாக விழுந்தால் கடி வாங்கினது வீலென்று கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். கடித்ததற்கு அதுதான் பாடம். உங்கள் வீட்டில் அந்தப் பல் ஆறு வயதுப் பிள்ளையின் கையில் படப்போகிறது.

சிரசுக்கும் 56ஆம் நாளுக்கும் நடுவில் இருப்பது ஆறே நாள். விற்பவரிடம் இதை நேராகப் பேசுங்கள்: முன்பணம் இப்போதே கொடுக்கிறேன், அந்த ஆறு நாள் தீவனச் செலவும் என்னுடையது, திருவிழா அன்று தாயையும் குட்டிகளையும் பின்கட்டு அறையிலோ உறவினர் தோட்டத்திலோ வைத்திருங்கள். அக்கறை உள்ளவர் சரி என்பார். எட்டாவது வாரத்தை ஒட்டி எந்தக் குட்டியும் எளிதில் மிரளும். பம்பை, சிலம்பு, வாணவேடிக்கை என்று ஊரே அதிரும் அன்றைக்குத் தாயைப் பிரித்துப் புது வீட்டுக்குக் கொண்டுபோனால் அந்த மிரட்சி தங்கிவிடலாம்.

இன்னொன்று, காம்பவுண்ட். ஐந்தடி போதாது. வளர்ந்த ராஜபாளையம் அதைத் தாண்டிவிடும். ஆறடிக்கு மேல் ஆக்குங்கள், இல்லையென்றால் மேலே உள்பக்கம் சாய்த்து வலை கட்டுங்கள். பக்கத்து வீட்டுக் கோழி விஷயத்தில் எந்தக் குட்டியை எடுத்தாலும் ஒன்றுதான். இது வேட்டை இனம், துரத்தும் குணம் பழக்கத்தால் குறையுமே தவிரப் போகாது.

ஆற்காடு_நாட்டுநாய்:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் ராஜபாளையம் என்றால் எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது காது. இந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு. வெள்ளை முடி, இளஞ்சிவப்பு மூக்கு என்று நாம் ஆசைப்பட்டுத் தேடும் நிறத்தோடு சேர்ந்தே அது வருகிறது. உள்காதில் நிறமி அணுக்கள் இல்லாவிட்டால் அங்கே ரத்த ஓட்டம் குன்றி, பிறந்த மூன்று நான்கு வாரத்துக்குள் கேட்கும் நரம்பணுக்கள் செத்துவிடும். பிறகு எந்த மருந்தாலும் திரும்பாது. இதில் ஒரு வசதி, ஐந்து வாரம் தாண்டிய குட்டியின் காதை நம்பிச் சோதிக்கலாம். 38 நாள் போதும்.

ஐந்தையும் ஒன்றாக வைத்துக் கைதட்டினால் ஒன்றும் தெரியாது. நாலு திரும்பினால் ஐந்தாவதும் அதைப் பார்த்துத் திரும்பிவிடும். ஒவ்வொன்றாகத் தனி அறைக்குக் கொண்டுபோங்கள். தரை சிமெண்ட்டோ டைல்ஸோ இருக்கட்டும். பலகை வேண்டாம், அதிர்வு காலில் தெரிந்துவிடும். ஃபேனை நிறுத்துங்கள். ஒருவர் முன்னால் உட்கார்ந்து குட்டியின் கவனத்தைப் பிடித்து வைக்கட்டும். இன்னொருவர் ஐந்தாறு அடி பின்னால், நிழல் முன்னே விழாதபடி நிற்க வேண்டும். கைதட்ட வேண்டாம், காற்றசைவு முதுகு முடியில் படும். சாவிக்கொத்தை ஒரு தடவை குலுக்குங்கள். கொஞ்சம் விட்டு, பிளாஸ்டிக் கவரைக் கசக்குங்கள். அப்புறம் கனத்த குரலில் ஒரு "ஹோ". வலது பின்பக்கம் ஒரு முறை, இடது பின்பக்கம் ஒரு முறை. மூன்று நான்கு சத்தத்துக்கு மேல் போகாதீர்கள். பழகிவிட்டால் கேட்கிற குட்டியும் கண்டுகொள்ளாது.

தலை முழுதும் திரும்ப வேண்டும் என்பதில்லை. காது மடலின் அடிப்பகுதி சட்டென்று துடிக்கும், அல்லது மெல்லுவது ஒரு நொடி நிற்கும். அதைக் கவனிக்கத் தெரிய வேண்டும். சந்தேகம் வந்தால் தூங்கும் நேரத்தில் மறுபடி பாருங்கள். சோற்றுத் தட்டுச் சத்தம் கேட்டு மற்றவை எழுந்து ஓட, ஒன்று மட்டும் தூங்கிக்கொண்டே இருந்து, யாராவது மிதித்த பிறகு எழுந்தால் அது முழுச் செவிடாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட குட்டி விளையாட்டில் அழுத்திக் கடிக்கும், எதிராளி கத்துவது அதற்குக் கேட்காது.

ஒரு காது மட்டும் செவிடான குட்டியை வீட்டில் கண்டுபிடிப்பது கடினம். சத்தம் வந்த பக்கம் விட்டு எதிர்ப்பக்கம் தேடும். நல்ல காது கீழே இருக்கும்படி படுத்தால் கூப்பிட்டாலும் எழாது. உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் மூளைத்தண்டு வரை ஒலி போகிறதா என்று மின்முனை வைத்துப் பார்க்கும் பேயர் சோதனைதான் வழி. ஒற்றைக் காது குட்டி வீட்டு நாயாக நன்றாகவே வாழும், அதை வைத்து ஈத்து மட்டும் எடுக்கக் கூடாது. முழுச் செவிட்டைக் கைச்சைகையில் பழக்கலாம் என்றாலும், முதல் நாய் வளர்ப்பவர், வீட்டில் சின்னப் பிள்ளை என்னும்போது வேண்டாம். தூக்கத்தில் பிள்ளை தொட்டால் திடுக்கிட்டுக் கவ்விவிடும்.

பேண்ட்டைக் கடித்து இழுக்கும் உங்கள் கடுவனுக்கும், மூலையில் சுருண்டிருக்கும் பொட்டைக்கும் இந்தச் சோதனையை முதலில் செய்யுங்கள். இரண்டுக்குமே காது காரணமாக இருக்கலாம். கண் நீலமாக இருக்கிறதே என்று மட்டும் இப்போதே முடிவு கட்டாதீர்கள். ஐந்தாறு வாரத்தில் எல்லாக் குட்டிக்கும் நீலச் சாயல் இருக்கும். எட்டு வாரத்துக்குப் பிறகும் பளிங்கு நீலமாகவே நின்றால் காதை இன்னும் கவனமாகப் பாருங்கள்.

சத்துவாச்சாரி_வெட்:

காட்பாடி சார், காதில் தேறிய குட்டிகளைக் கையில் தூக்கிப் பாருங்கள்.

ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். வெளுத்த ஈறு என்றால் கொக்கிப்புழு அல்லது உண்ணி ரத்தத்தைக் குடித்திருக்கலாம். காது மடலின் உட்புறம், விரலிடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில் உண்ணி தேடுங்கள். நம் பக்கம் உண்ணிக் காய்ச்சல் அதிகம். தாய் மேல் உண்ணி இருந்தால் குட்டி மேலும் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வாயைத் திறந்து மேலண்ணம் பிளவில்லாமல் இருக்கிறதா, மேல்வரிசைப் பல் கீழ்வரிசையை லேசாக ஒட்டி மூடுகிறதா என்று பாருங்கள். தொப்புளில் மெத்தென்ற புடைப்பு இருந்தால் குடலிறக்கம். விரல் நுனி அளவுக்குள் இருந்தால் பெரும்பாலும் பெரிய விஷயமில்லை, உள்ளே தள்ளினால் போகாததும் கெட்டியாக இருப்பதும்தான் ஆபத்து. கடுவனுக்கு எட்டு வாரத்தில் இரண்டு விரையும் கைக்குத் தட்டுப்பட வேண்டும். கண்ணைச் சுற்றியும் முன்னங்காலிலும் காசு அளவில் முடி கொட்டியிருந்தால் டாக்டரிடம் தோலைச் சுரண்டிச் சோதிக்காமல் எடுக்காதீர்கள். உடம்பு இளைத்து வயிறு மட்டும் பானையாக இருந்தால் உருண்டைப்புழு. அது மருந்தில் சரியாகிவிடும், ஆனால் "பூச்சி மருந்து கொடுத்தாச்சு" என்ற பேச்சை அதற்குமேல் நம்ப வேண்டாம். இரண்டாவது வாரம் தொடங்கி எட்டாவது வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொடுத்திருக்க வேண்டும்.

ஊசி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். அட்டையில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர், தொகுதி எண், காலாவதித் தேதி, டாக்டரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் வேண்டும். தடுப்பு மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தால்தான் வேலை செய்யும். வேலூர் வெயிலில் சட்டைப் பையில் வந்த மருந்தைப் போட்டாலும் போடாததும் ஒன்றுதான். ஆறு வாரம் ஆவதற்குள் போட்டதைக் கணக்கிலும் சேர்க்காதீர்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தியே அந்த மருந்தை முறித்துவிடும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை போட வேண்டும். வெறிநாய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில்.

இந்த ஈத்தில் கடந்த இரண்டு வாரத்தில் குட்டி ஏதாவது செத்ததா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். வாந்தி, நாற்றமடிக்கும் ரத்தக் கழிச்சல் என்று பதில் வந்தால் பார்வோ என்னும் வைரஸ் தொற்றாக இருக்கலாம். மற்றவை இன்றைக்குத் துள்ளினாலும் இன்னும் சில நாளில் படுக்கலாம். அங்கே தொட்ட கை, செருப்போடு அடுத்த வீட்டுக் குட்டியையும் தொடாதீர்கள்.

பார்க்கப் போகும்போது குட்டியின் பல் கையில் கீறினால் "குட்டிதானே" என்று விடாதீர்கள். தாய்க்கு வெறிநோய் ஊசி போட்ட அத்தாட்சி இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போங்கள்.

ஏலகிரி_கன்னி:

குணம் பார்ப்பதைப் பற்றி. வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள் 49ஆம் நாளில் ஒரு சோதனை வைப்பார்கள். உங்கள் ஈத்துக்கு 49ஆம் நாள் சிரசுக்கு முந்தைய நாளாக விழுகிறது, வீடு அமளியாக இருக்கும். 46, 47இல் காலை நேரத்தில் வையுங்கள். தின்று இரண்டு மணி நேரம் ஆகியிருக்கட்டும். தின்ற உடனே எல்லாம் தூங்கிவழியும், பசியில் எல்லாம் முரடாகத் தெரியும்.

குட்டி அதுவரை போகாத இடம், அதற்குப் பழகாத ஆள். கீழே விட்டுவிட்டு நாலடி தள்ளிக் குந்தி உட்கார்ந்து லேசாகத் தொடையைத் தட்டுங்கள். வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது? எழுந்து நடந்தால் பின்னால் வருகிறதா? காகிதத்தைச் சுருட்டிப் போட்டால் தேடிப்போகிறதா? பிறகு மடியில் அணைத்தபடி அரை நிமிடம் பிடியுங்கள். கொஞ்சம் திமிறி அடங்குவது நல்லது. கடைசிவரை கடித்துத் திமிறுவதும் உறைந்துபோய் உடம்பு விறைப்பதும் நல்லதல்ல. மல்லாக்கப் போட்டு அழுத்திப் பார்க்கச் சொல்வார்கள், தேவையில்லை, மிரளத்தான் செய்யும்.

முக்கியமானது எவர்சில்வர் தட்டு. ஆறடி தள்ளித் தரையில் போடுங்கள். திடுக்கிடாத குட்டி கிடையாது, திடுக்கிட்டால் மதிப்பெண் குறையாது. அதற்கப்புறம் என்ன செய்கிறது என்பதை மட்டும் பாருங்கள். சில நொடியில் காதை முன்னே நீட்டி, கழுத்தை நீட்டி, தட்டை மோந்து பார்க்கப் போகிற குட்டிதான் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு ஏற்றது. ஒரு நிமிடம் ஆகியும் மூலையை விட்டு வராதது, நாளைக்கு மாடிக்காரர் கேட்டைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அப்படியே இருக்கலாம்.

இந்தச் சோதனை ஜாதகம் மாதிரி எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நம்பாதீர்கள். ஏழு வாரத்தில் பார்க்கும் குணம் வளர்ந்த பிறகு மாறலாம். அதனால் முதல் இடம் யாருக்கு என்று தேடாமல் இரண்டு ஓரத்தையும் கழித்துவிடுங்கள். எல்லாரையும் தள்ளிக்கொண்டு முதலில் வந்து கடித்து இழுப்பது அனுபவம் உள்ள கைக்குப் போகட்டும். மூலைக் குட்டியை, காதும் உடம்பும் சரியென்றால், பிள்ளை இல்லாத அமைதியான வீடு எடுக்கட்டும். இரக்கப்பட்டு எடுக்கிற பயந்த குட்டிதான் பிற்பாடு பயத்தில் கடித்துக் கெட்ட பெயர் வாங்குகிறது. உங்களுக்கு நடுவில் உள்ள மூன்றில் ஒன்று.

மூலைக் குட்டி சவலையா, கூச்சமா என்பதையும் பிரித்துப் பாருங்கள். இரண்டு முறை, ஒரு வாரம் இடைவெளியில், ஐந்தையும் தராசில் நிறுக்கச் சொல்லுங்கள். சின்னதாக இருந்தாலும் மற்றவை போல எடை ஏறினால் பிரச்சினை இல்லை. ஏறாமல் நின்றால் உள்ளே ஏதோ குறை.

காட்பாடி_வாசி:

எல்லோருக்கும் நன்றி. காது விஷயம் யாரும் இதுவரை சொல்லவே இல்லை. மூன்று சந்தேகம்: பிடரி, நகம் இரண்டும் வெறும் பேச்சுதானா? கடுவனா பொட்டையா? பாப்பாவுக்கு மூலைக் குட்டி மேல் ஆசை விடவில்லை; அதையும் இன்னொன்றையும் சேர்த்து இரண்டாக எடுத்தால்?

பாலாற்றங்கரை:

பிடரியில் தூக்கினால் பயந்து உறைந்த குட்டியும் கத்தாது, உடம்பு சரியில்லாததும் கத்தாது. வீரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இருபது நகம் என்பது பின்னங்காலிலும் ஒட்டுவிரல் இருப்பது, பரம்பரையாக வருவது. புத்திக்கு அடையாளம் இல்லை. அது தொங்கலாக இருந்தால் எங்காவது மாட்டிக் கிழியும், அதை மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

கடுவன், பொட்டை இரண்டும் காவலுக்கு ஒன்றுதான். பொட்டைக்கு ஆறேழு மாதத்துக்கு ஒரு முறை பருவம் வரும், அந்த மூன்று வாரம் தெருக் கடுவன்கள் கேட்டிலேயே கிடக்கும். கடுவனாக இருந்தால் பக்கத்துத் தெருப் பொட்டைக்காக உங்கள் சுவரைத் தாண்டும். ஈத்து எடுக்கும் எண்ணம் இல்லையென்றால் எதுவானாலும் டாக்டரிடம் கேட்டுக் கருத்தடை செய்துவிடுங்கள்.

ஒரே ஈத்தில் இரண்டு வேண்டவே வேண்டாம். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உங்களிடம் ஒட்டாது, பிரித்தால் ஊளையிடும். பயந்தது இன்னொன்றின் முதுகுக்குப் பின்னாலேயே வளரும். பாப்பாவை 46ஆம் நாள் சோதனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தட்டுச் சத்தத்துக்குப் பிறகு தானாக நடந்து வந்து அவள் கையை மோந்து பார்க்கிற குட்டியைக் காட்டினால் மனசு மாறும்.

சத்துவாச்சாரி_வெட்:

கொண்டுவரும் நாளுக்கு மட்டும் ஒரு குறிப்பு. 56ஆம் நாளும் அக்னி நட்சத்திரத்துக்குள்தான் வருகிறது. காலை ஏழு மணிக்குள் குடியாத்தத்தை விட்டுக் கிளம்பிவிடுங்கள். கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே தீனியை நிறுத்தச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வண்டியில் வாந்தி எடுக்கும். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் தாய் படுத்த துணியை விரித்து வையுங்கள். பைக் டேங்க் மேல் வேண்டாம். பஸ் ஸ்டாண்டிலோ ஸ்டேஷனிலோ தரையில் இறக்கிவிட வேண்டாம், பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

முதல் வாரம் அங்கே தின்றதையே நாளுக்கு நாலு வேளை கொடுங்கள். பசும்பாலை நிறைய ஊற்றாதீர்கள், கழியும். காலை பத்திலிருந்து மாலை நாலு வரை வெயிலில் விட வேண்டாம். வெள்ளைத் தோலும் சிவந்த மூக்கும் சீக்கிரம் வெந்துவிடும்.

ரசீதில் குட்டி பிறந்த தேதி, பாலினம், அடையாளம், கொடுத்த தொகை எழுதி வாங்குங்கள். இரண்டு நாளுக்குள் நீங்கள் காட்டும் டாக்டர் பிறவிக் குறையோ தொற்றோ இருப்பதாக எழுதிக் கொடுத்தால் குட்டியைத் திரும்ப எடுத்துப் பணம் தருவதாகவும் அதிலேயே ஒரு வரி இருக்கட்டும். முன்பணம் கொடுக்கும் அன்றைக்கே இதைப் பேசிவிடுங்கள், குட்டி கைக்கு வந்த பிறகு யாரும் எழுதித் தர மாட்டார்கள். தேர்ந்தெடுத்த குட்டியின் கழுத்தில் கலர் கயிறு கட்டிப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், வெள்ளைக் குட்டிகள் ஐந்தும் ஒரே மாதிரிதான் இருக்கும்.